காரில் ‘டொக் டொக்’ சத்தமா? பார்ட் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம் வருகிறது என்று பட்டறையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் வண்டியைத் தூக்குவதற்கு முன்பே பதில் வந்துவிடும்: "சஸ்பென்ஷன் போயிடுச்சு சார், செட்டா மாத்திடலாம்." ரெண்டு ஷாக், ரெண்டு லோயர் ஆர்ம், லிங்க் ராடு, மவுண்ட், கூலி, அலைன்மெண்ட் என்று எஸ்டிமேட் 20,000 ரூபாயைத் தாண்டும். எல்லாம் மாற்றி வெளியே வந்த பிறகு முதல் வேகத்தடையிலேயே அதே சத்தம் கேட்கும்போதுதான், எந்த இடம் ஆடுகிறது என்று ஒருவரும் கை வைத்துப் பார்க்கவே இல்லை என்பது புரியும்.

பெரும்பாலான சத்தங்களுக்குக் காரணம் ஒரே ஒரு புஷ் (இரும்புப் பாகங்களுக்கு நடுவே உள்ள ரப்பர் வளையம்), ஒரே ஒரு ஜாயிண்ட், சில சமயம் முடுக்காமல் விட்ட ஒரு போல்ட். எந்தச் சூழலில் சத்தம் வருகிறது என்று முதலில் பிடியுங்கள். பிறகு அந்த இடத்தைக் கையால் தொட்டு உறுதி செய்யுங்கள். அதன்பின் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்த வரிசை மாறும்போதுதான் பணம் வீணாகிறது.

கீழே சொல்வது முன்சக்கர இழுவை உள்ள சிறிய, நடுத்தரக் கார்களுக்கு: ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10, ஐ20, டியாகோ, அமேஸ் வகை. முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் ரெண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே பீம். பொலிரோ, ஆம்னி போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் புரொபெல்லர் ஷாஃப்ட், கிராஸ் ஜாயிண்ட் என்று வேறு இடங்களும் உண்டு. அவற்றுக்கு இது முழுதாகப் பொருந்தாது.

1. ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். டோ செய்யுங்கள், அல்லது மெக்கானிக்கை வரவழையுங்கள்.

- டயர் மாற்றிய, பஞ்சர் போட்ட, வீல் கழற்றிய ஓரிரு நாளில் சத்தம் தொடங்கியது. வீல் நட்டு லூஸாக இருக்கலாம். இடத்தை விட்டு நகர்வதற்கு முன் நான்கு சக்கரத்தையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள்.
- ஸ்டீயரிங் திடீரென ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது நடுவில் வழக்கத்துக்கு மேல் பிளே (தளர்ந்த ஆட்டம்) இருக்கிறது.
- ஒரு முன்சக்கரம் மற்றதைவிடச் சாய்ந்து நிற்கிறது. பால் ஜாயிண்ட் (சக்கரத்தை அதன் கீழ்க்கையான லோயர் ஆர்மோடு இணைக்கும் மூட்டு) கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும்.
- ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருக்கிறது. காயில் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் துரு ஏறி ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைவது உண்டு. உடைந்த முனை டயரைக் கிழிக்கும்.
- பிரேக் மிதிக்கும்போது பெடலில் அடி விழுவதுபோல் உணர்கிறீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் நிதானமாக அடுத்த படிக்குப் போகலாம்.

2. டிக்கியைக் காலி செய்யுங்கள்

சாதாரணமாகத் தோன்றும். ஆனால் செலவே இல்லாத படி இதுதான். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஜாக்கி, ஜாக்கி கம்பி, வீல் ஸ்பானர், ஸ்டெப்னியைப் பிடிக்கும் திருகு, சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில், டிக்கியின் மேல் தட்டு, ஆள் இல்லாத சீட்டின் பெல்ட் பக்கிள் என எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், அல்லது துணி சுற்றி இறுக்குங்கள். டிக்கிக் கதவின் ரப்பர் பிடிகள் தேய்ந்திருந்தால் கதவே தட்டும். பானட்டிலும் அதே கதைதான். நம்பர் பிளேட்டைக் கையால் தட்டிப் பாருங்கள்.

டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்போது பிரேக் பிடித்தால் பின்சீட்டுக்கு அடியில் ‘தொப்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதா? பெட்ரோல் டேங்க் சுவரில் மோதும் ஓசை அது. பெட்ரோல் குறையும்போது சத்தம் மாறினால் அதை விட்டுவிடுங்கள், கோளாறு இல்லை.

காலி வண்டியை அதே ரோட்டில் ஒருமுறை ஓட்டுங்கள். சத்தம் இன்னும் இருந்தால் மட்டும் தொடருங்கள்.

3. எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

எழுதுங்கள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மனதில் வைத்துக்கொள்வது போதாது. பட்டறைக்குப் போனதும் சத்தம் வராமல் போவது எல்லோருக்கும் நடக்கும். அப்போது கையில் இருக்கும் குறிப்புதான் மெக்கானிக்குக்கு வழி காட்டும். போனில் இந்த ஆறையும் குறித்துக்கொள்ளுங்கள்:

வேகம் எவ்வளவு. ரோடு எப்படி (சிறு சிறு குழி, ஒற்றைப் பள்ளம், வேகத்தடை, வழவழப்பான ரோடு). ஸ்டீயரிங் நேரா, திருப்பியா. கால் எதில் இருந்தது (பிரேக், ஆக்சிலரேட்டர், கிளட்ச்). ஒரே அடியா, தொடர்ந்து தட்டுகிறதா. காலையில் முதல் ஓட்டத்திலா, சூடான பிறகா.

பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வைத்து ஓட்டுங்கள். அவர் ஒருமுறை முன்னாலும் ஒருமுறை பின்னாலும் உட்கார்ந்து கேட்கட்டும். சத்தம் எந்தப் பக்கம் என்று காது சொல்வதை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். இடது லோயர் ஆர்மில் எழும் அடி கீழே உள்ள கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) வழியாக வலது காலடியில் கேட்கும். நம் ஊரில் இடது ஓரமாக ஓட்டுவதால் ரோட்டோரக் குழிகளில் இடது சக்கரம்தான் அதிகம் விழுகிறது. அதனால் சந்தேகம் வந்தால் இடதுபக்கத்தில் இருந்து பார்க்கத் தொடங்குவது நல்லது.

4. ஓட்டிப் பார்த்து வட்டத்தைச் சுருக்குங்கள்

ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு, ஜன்னல்கள் திறந்து, ஏசியும் பாட்டும் நிறுத்தி. மதில் சுவரை ஒட்டி ஓட்டினால் சத்தம் திரும்பி வந்து தெளிவாகக் கேட்கும்.

சிறு குழிகளில் 15–25 கி.மீ. வேகத்தில் ‘டக் டக் டக்’ என்று மெல்லிய, வேகமான தட்டல்: முதல் சந்தேகம் லிங்க் ராடு. ஸ்டெபிலைசர் பாரையும் ஸ்ட்ரட்டையும் இணைக்கும், ரெண்டு முனையிலும் குட்டி பால் ஜாயிண்ட் உள்ள கம்பி இது. நம் ரோடுகளில் முதலில் போவது பெரும்பாலும் இதுதான். ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போது சத்தம் அதிகம், ரெண்டு சக்கரமும் சேர்ந்து நேராக வேகத்தடையில் ஏறும்போது குறைவு என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கும்போதுதான் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு வேலை செய்யும்.

வேகத்தடையில் மெதுவாக இறங்கும்போது ஒரே ஒரு கனமான ‘டொக்’: லோயர் ஆர்மின் பின்புஷ், ஸ்ட்ரட் மேல் மவுண்ட், அல்லது ஸ்ட்ரட்டின் நடு நட்டு லூஸ்.

பிரேக் பிடிக்கும்போது ஒன்று, விட்டு நகரும்போது ஒன்று: 5 கி.மீ. வேகத்தில் முன்னால் போய்ச் சட்டென்று பிரேக், ரிவர்ஸில் போய்ச் சட்டென்று பிரேக், நாலைந்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் காலடியில் அடி விழுந்தால் லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கலாம், அல்லது கிராஸ் மெம்பர் போல்ட் தளர்ந்திருக்கலாம். ரிவர்ஸ் எடுத்தபின் முதல் பிரேக்கில் மட்டும் வரும் சின்ன ‘க்ளிக்’, பிரேக் பேட் தன் இடத்தில் நகர்வது. நிறைய வண்டிகளில் இயல்பானது. ஆனால் பேட் மாற்றிய பிறகு அது பெரிதானால், பேடைப் பிடிக்கும் தகட்டு கிளிப்பைப் போடாமல் விட்டிருப்பார்கள்.

கரடுமுரடான ரோட்டில் பிரேக்கை லேசாகத் தொட்டால் தட்டல் நின்றுவிடுகிறது: பிரேக் பேட் அல்லது கேலிப்பர் (பேடை அழுத்தும் பகுதி) பின். ஷாக், ஆர்ம் எதையும் தொட வேண்டாம். இந்த ஒரு சோதனை ஆயிரக்கணக்கில் மிச்சப்படுத்தும்.

ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வட்டமடிக்கும்போது ‘டிக் டிக் டிக்’, வேகத்தோடு சேர்ந்து கூடுகிறது: டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வெளிப்புற சிவி ஜாயிண்ட். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் சிதறியிருந்தால் பூட் (ஜாயிண்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் வருவதற்கு முன் பூட் கிழிசல் கண்ணில் பட்டுவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றுவதோடு முடியும். சத்தம் வந்தபின் ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டும்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது ‘டங்’ என்று கம்பி விடுபடும் ஓசை: ஸ்ட்ரட் மேல் பேரிங் தூசியும் தண்ணீரும் புகுந்து இறுகிவிட்டது. ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு போய்த் திடீரென விடுபடுகிறது.

கியர் போட்டு கிளட்ச் விடும்போது, ஆக்சிலரேட்டரில் காலை வைத்து எடுக்கும்போது: இன்ஜின் மவுண்டிங். ரோடு எப்படி இருந்தாலும் இது வரும், அதுதான் அடையாளம். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது வண்டி அதிர்வும் இருந்தால் உட்புற சிவி ஜாயிண்ட்டையும் பாருங்கள்.

கையில் உணரும் தட்டல், குழிகளில் ஸ்டீயரிங் வழியாக வருகிறது: டை ராடு எண்டு, ரேக் எண்டு (ஸ்டீயரிங் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் வெளிமுனையும் உள்முனையும்), ரேக் புஷ், அல்லது ஸ்டீயரிங் கீழ் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட்.

பின்பக்கம் என்றால் பட்டியல் சின்னது: ஷாக்கின் மேல், கீழ் புஷ், பீம் புஷ், சைலன்சர் ரப்பர். பின்சீட்டில் ரெண்டு பேரை உட்கார வைத்ததும் சத்தம் மாறினால் ஷாக் புஷ்ஷில் இருந்து தொடங்குங்கள். இன்ஜின் ஆறியபின் சைலன்சரைக் கையால் பக்கவாட்டில் ஆட்டினால், எங்காவது இடிக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும்: ஷாக் அப்சார்பர் தேய்ந்தால் வண்டி தூக்கிப் போடும், ஆடும். ஷாக்கே ‘டொக்’ என்று தட்டுவது குறைவு. தட்டுவது பெரும்பாலும் அதைப் பிடிக்கும் மவுண்ட், புஷ், நட்டு ஆகியவைதான். "சத்தம் வருது, ஷாக் மாத்துங்க" என்பவரிடம், ஷாக்கில் ஆயில் வழிகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். மேலே மெல்லிய தூசிப் படலம் ஒட்டியிருப்பது பரவாயில்லை. ஈரமாக வழிந்து கீழ் ஸ்பிரிங் தட்டு வரை வந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

5. நிற்கும் வண்டியில், வீட்டிலேயே

ரெண்டு பேர் வேண்டும். வண்டி சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு.

பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல்முனையில், ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, விரல் நுனியை வையுங்கள். மற்றவர் ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாகத் திருப்பட்டும், பிறகு அந்த மூலையை அழுத்தி விடட்டும். மவுண்ட் போயிருந்தால் விரலில் ஒரு சின்ன உதை தெரியும். காதுக்குக் கேட்காத அடிகூட விரலுக்குத் தெரியும். வண்டியைத் தூக்கும் ராம்ப்பிலும் இதே முறைதான்.

இன்ஜின் மவுண்டிங் பார்க்க: பானட் திறந்திருக்க, இன்ஜின் ஓட, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்தபடி முதல் கியரில் கிளட்சை லேசாகப் பிடிக்க விடச் சொல்லுங்கள், பிறகு ரிவர்ஸில். இன்ஜின் ஓரளவு சாயும். துள்ளிப் போய் அடித்தால் மவுண்டிங் போய்விட்டது. பார்க்கிறவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வண்டியின் முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது.

டை ராடு பார்க்க: சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஸ்டீயரிங்கை ஓர் அங்குலம் இப்படி அப்படி வேகமாக ஆட்டச் சொல்லி, சக்கரத்துக்குப் பின்னால் டை ராடு எண்டு மேல் கை வையுங்கள். தட்டினால் தெரியும். ரேக் எண்டுக்கு, ரப்பர் பெல்லோஸை அமுக்கி உள்ளே இருக்கும் ஜாயிண்டைப் பிடித்துப் பாருங்கள்.

ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டவே கூடாது. ஜாக் ஸ்டாண்டு இல்லையென்றால் இந்தப் படியோடு நிறுத்திவிட்டு ராம்ப் உள்ள பட்டறைக்குப் போங்கள்.

6. ராம்ப்பில்: பட்டறைகள் அதிகம் தவறும் இடம்

நேரம் 20 முதல் 30 நிமிடம். செக்கப் கூலி தனியாகக் கேட்டால் 300 முதல் 500 ரூபாய் கொடுப்பதில் தவறில்லை. தெளிவான பதில் கிடைத்தால் அது மலிவு. நீங்களும் கூட நின்று பாருங்கள்.

*லிங்க் ராடு.* ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க் ராடைப் பிடித்து ஆட்டிவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். ஒரு சக்கரம் மட்டும் தொங்கும்போது ஸ்டெபிலைசர் பார் முறுகி, லிங்க் ராடு இழுவிசையில் இறுகி நிற்கும். அப்போது பிளே இருந்தாலும் தெரியாது. ரெண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்: ரெண்டும் தொங்க வேண்டும், அல்லது நாலு சக்கரமும் தரையில் நிற்கும்படி பிட்டில் (அடியில் இறங்கிப் பார்க்கும் குழி) ஏற்ற வேண்டும். அப்போது கம்பியைப் பிடித்து மேலும் கீழும் வெடுக்கென ஆட்டினால் ‘டக்’ என்று கையில் தெரியும். ஜாயிண்ட் சுழல்வது கோளாறு இல்லை. நீளவாக்கில் பிளே இருந்தால்தான் கோளாறு.

இன்னும் சந்தேகமா? ரெண்டு லிங்க் ராடையும் கழற்றி, ஸ்டெபிலைசர் பார் எதிலும் இடிக்காதபடி ஒதுக்கிக் கட்டிவிட்டு, 20 கி.மீ. வேகத்துக்குள் அந்தத் தெருவிலேயே ஒரு சுற்று. சத்தம் மறைந்தால் லிங்க் ராடு, அல்லது ஸ்டெபிலைசர் பாரைச் சட்டத்தோடு பிடிக்கும் டி புஷ். வளைவில் வண்டி வழக்கத்தைவிடச் சாயும் என்பதால் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டாம். ஒரு பைசா பார்ட் வாங்காமல் உறுதியான பதில் தரும் சோதனை இது.

*பால் ஜாயிண்ட்.* ஸ்ட்ரட் வகை முன்சஸ்பென்ஷனில் வண்டியின் எடை ஸ்பிரிங் வழியாக நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. அதனால் வண்டியைச் சட்டத்தில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் போதும். கீழ் பால் ஜாயிண்டின் பிளே தெரியும். ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) நடுவே லிவரை வைத்து மெல்ல நெம்புங்கள். இரும்புக்கு இரும்பு நகர்ந்தால் போய்விட்டது. ரப்பர் பூட் கிழிந்திருந்தால், இன்று பிளே இல்லாவிட்டாலும் மழைக்காலம் முடிவதற்குள் வந்துவிடும்.

*சக்கரத்தை ஆட்டுவது.* மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிளே இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிளே மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது ஸ்ட்ரட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் பிளே என்றால் டை ராடு எண்டு அல்லது ரேக் எண்டு.

*லோயர் ஆர்ம் புஷ்.* முன்புஷ் சின்னது, பின்புஷ் பெரியது. பெரும்பாலும் பின்னதுதான் கிழியும். லிவரால் முன்னும் பின்னும் நெம்பி, டார்ச் அடித்து ரப்பரைப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு எல்லா வண்டியிலும் இருக்கும். ரப்பர் உலோகக் குழாயை விட்டுப் பிரிந்து, நெம்பும்போது இடைவெளி திறந்து மூடினால்தான் மாற்ற வேண்டும். நல்ல புஷ்ஷும் ஓரளவு நெகிழும் என்பதை மறந்து, நெகிழ்வதையே காட்டி "போயிடுச்சு" என்று சொல்லும் இடம் இதுதான். வலதையும் இடதையும் ஒரே மாதிரி நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடிபட்ட ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கும், அல்லது செம்மண் நிறத் துருப்பொடி வரிசையாகப் படிந்திருக்கும். போல்ட் தலையைச் சுற்றி அந்தப் பளபளப்பு இருந்தால், பார்ட் நன்றாகத்தான் இருக்கிறது, போல்ட் தளர்ந்திருக்கிறது.

7. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

சர்வீஸ் புக், கடைசி ரெண்டு பில், வாரண்டிப் புத்தகம் (நீட்டித்த வாரண்டி எடுத்திருந்தால் அதன் தாள்), ஆர்.சி. நகல், இன்ஷூரன்ஸ் பாலிசி. வாரண்டி இருந்தால் வெளிப் பட்டறையில் எதையும் கழற்றுவதற்கு முன் விலக்குகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள். பிரேக் பேட், கிளட்ச் போன்ற தேயும் பொருட்கள் பொதுவாக வராது. ரப்பர் புஷ், ஷாக் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது.

ஜாப் கார்டில் "சஸ்பென்ஷன் நாய்ஸ்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "20 கி.மீ. வேகத்தில், சிறு குழிகளில், முன் இடது பக்கம், தொடர் தட்டல், பிரேக் தொட்டாலும் நிற்கவில்லை" என்று உங்கள் குறிப்பை அப்படியே எழுதச் சொல்லுங்கள். கீழே இந்த மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்: டெக்னீஷியனோடு ரோடு டெஸ்ட், என் ஒப்புதல் இல்லாமல் கூடுதல் வேலை கூடாது, பழைய பார்ட் திரும்ப வேண்டும். எஸ்டிமேட்டில் பார்ட் நம்பர், விலை, கூலி மூன்றும் தனித்தனியாக வர வேண்டும். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். புதிய பார்ட்டுக்கு வாரண்டி கேட்க அதுதான் ஆதாரம். பட்டறையோடு தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பெரிய பள்ளத்தில் பலமாக விழுந்து அன்றே சத்தம் தொடங்கியிருந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பற்றி யோசிக்கலாம். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி விபத்துச் சேதத்துக்குத் தரும், தேய்மானத்துக்குத் தராது. பள்ளத்தையும் வண்டியையும் படம் எடுத்து, எதையும் கழற்றுவதற்கு முன் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். சர்வேயர் பார்க்காமல் கழற்றினால் க்ளெய்ம் சிக்கலாகிவிடும். கணக்கும் போட்டுப் பாருங்கள்: 1500 சிசி வரை கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பொருட்களுக்குப் பாதி விலைதான், நோ க்ளெய்ம் போனஸும் போகும். ஓர் ஆர்ம் மட்டும் வளைந்ததற்குக் க்ளெய்ம் போடுவது நஷ்டம். ரிம், ஆர்ம், ஸ்ட்ரட் மூன்றும் வளைந்திருந்தால் போடலாம்.

8. செலவும் நேரமும்

சிறிய கார்களுக்கு, வெளிப் பட்டறையில், உத்தேசமாக. ஊரையும் மாடலையும் பொறுத்து மாறும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கூலி கூடும்.

- லிங்க் ராடு: ஒன்று 400–1,200 ரூபாய். ரெண்டு பக்கமும் சேர்த்து அரை மணி முதல் முக்கால் மணி. அலைன்மெண்ட் தேவையில்லை.
- டி புஷ்: ஜோடி 150–400. சில வண்டிகளில் கை எளிதாகப் போகாது. கூலிதான் பார்ட்டைவிட அதிகம் வரும்.
- லோயர் ஆர்ம் முழுதாக: ஒன்று 1,200–3,500. பக்கத்துக்கு ஒரு மணி நேரம். அலைன்மெண்ட் கட்டாயம்.
- டை ராடு எண்டு: 400–1,000. அரை மணி. அலைன்மெண்ட் கட்டாயம்.
- ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங்: பக்கத்துக்கு 800–2,000. ஸ்ட்ரட்டை வெளியே எடுக்க வேண்டும், அரை நாள் ஒதுக்குங்கள். ஷாக்கும் வழியும் நிலையில் இருந்தால் இதே கூலியில் சேர்த்து முடிப்பது புத்திசாலித்தனம்.
- இன்ஜின் மவுண்டிங்: ஒன்று 1,000–4,000. ஒன்று முதல் ரெண்டு மணி நேரம்.
- அலைன்மெண்ட்: 400–700.

ஸ்டீயரிங் ரேக் முழுதாக மாற்ற வேண்டும் என்றால் தொகை பெரிதாகும், ஒரு நாள் வண்டி நிற்கும். அப்படிச் சொன்னால் இன்னொரு பட்டறையில் காட்டாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரேக் எண்டும் கீழ் கிராஸ் ஜாயிண்ட்டும் தரும் சத்தத்துக்கு ரேக்கின் மேல் பழி விழுவது சாதாரணம்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய ஸ்டாக்கைப் பழைய எம்.ஆர்.பி.யில் தள்ளுகிறார்களா என்று பில்லில் பாருங்கள்.

பார்ட் நீங்களே வாங்குவதென்றால் சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பரைச் சரிபார்த்து வாங்குங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் லிங்க் ராடின் நீளம் மாறும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கம்பெனி பார்ட்டோடு ராணே, கேப்ரியல் போன்றவையும் கிடைக்கும். புதுப்பேட்டையில் கண்ணாடி, கதவு, பம்பர் வாங்கலாம். பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு, லோயர் ஆர்ம் இவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம். உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது, உயிர் அதில்தான் தொங்குகிறது.

9. பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

சரியான பார்ட்டை வாங்கிய பிறகும் சத்தம் திரும்புவதற்கு இங்கே நடக்கும் தவறுகள்தான் காரணம்.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி ராம்ப்பில் தொங்கும்போதே முழுக்க முடுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். முதலில் கையால் முடுக்கி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, எடை ஏறிய பிறகு டார்க் ரெஞ்சால் கடைசி முடுக்கு. பிட் இருந்தால் எளிது. ராம்ப் மட்டும் இருந்தால் ஆர்முக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, ஓடும் உயரத்துக்குத் தூக்கி முடுக்கலாம். பின்பக்க பீம் புஷ்ஷுக்கும் இதே விதி.

புஷ் மட்டும் மாற்றினால் பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் வெளிக்குழாய் கோணும். பின்புஷ்ஷுக்குத் திசையும் உண்டு. பழையது இருந்த கோணத்தை எடுப்பதற்கு முன் சாக்பீஸில் குறிக்கச் சொல்லுங்கள். பிரஸ் இல்லாத பட்டறை என்றால் முழு ஆர்மே வாங்கிவிடுங்கள், பால் ஜாயிண்ட்டும் புதிதாக வந்துவிடும்.

லிங்க் ராடு நட்டை முடுக்கும்போது நடுவில் உள்ள தண்டும் கூடச் சுற்றும். தண்டை ஆலன் கீயாலோ ஸ்பானராலோ பிடித்துக்கொண்டு முடுக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் முடுக்கியது போலத் தோன்றும், லூஸாக இருக்கும். புது லிங்க் ராடு தட்டுவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஸ்ட்ரட்டின் நடு நட்டும் அப்படியே. ஷாக் மாற்றி வந்த வண்டியில் புதிதாக ‘டொக்’ தொடங்கினால் முதலில் அந்த நட்டைப் பாருங்கள். ஸ்பிரிங்கின் கீழ்முனை தட்டில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

லாக் நட்டு எல்லாவற்றுக்கும் புதிது போடச் சொல்லுங்கள். வீல் நட்டுக்கு சிறிய கார்களில் பொதுவாக 85 முதல் 125 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் வண்டிக்கான அளவு ஓனர் மேனுவலில் இருக்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை திரும்ப முடுக்குங்கள்.

10. வண்டியை எடுப்பதற்கு முன்

ஒரு நேரத்தில் ஒரு கோளாறை மட்டும் சரி செய்து ஓட்டிப் பாருங்கள். நாலை ஒன்றாக மாற்றினால் சத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. நிற்காவிட்டால் எதைச் சந்தேகிப்பது என்றும் தெரியாது. லிங்க் ராடு, புஷ், ஷாக் ஆகியவற்றை ரெண்டு பக்கமும் ஜோடியாகப் போடுவது இதற்கு விதிவிலக்கு.

பில் கட்டுவதற்கு முன் டெக்னீஷியனை உட்கார வைத்து, முதலில் சத்தம் வந்த அதே ரோட்டில், அதே வேகத்தில் ஓட்டுங்கள். காலையில் வண்டியைக் கொடுத்து மாலை வெளிச்சத்துக்குள் எடுப்பது நல்லது. இரவு எட்டு மணிக்கு எடுத்தால் இந்த ஓட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். பழைய பார்ட்டைக் கையில் வாங்கி அதன் பிளேயை நீங்களே ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் கெட்டியாக இருந்தால், சத்தத்துக்கான காரணம் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ஜாப் கார்டை மூட விடாமல் 6-ஆவது படியை அங்கேயே மறுபடி செய்யச் சொல்லுங்கள்.